டாக்டர் வரைந்த கடிகாரம்

நீலப் பேனாவால் மணிக்கட்டில் வரைந்த கைக்கடிகாரம் அது. ஒரு வட்டம், இரண்டு முட்கள், கையைச் சுற்றி ஒரு வார். ஊசி போட்டதும் அழுகிற பிள்ளைகளுக்கெல்லாம் கள்ளக்குறிச்சியில் எங்கள் டாக்டர் அதை வரைந்துவிடுவார். முட்கள் எப்போதும் நான்கு மணியைத்தான் காட்டும். "நாலு மணி ஆயிடுச்சு பாரு. பள்ளிக்கூடம் விட்டாச்சு, வலியும் வூட்டுக்குப் போயிடுச்சு" என்பார்.

ஓயாமல் பேசுவேன் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் மைனா. சின்ன வயதில் மூளைக்காய்ச்சலில் நினைவிழந்து கிடந்த என்னைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோன வண்டியில், என் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்து வந்தவர் அவர். பாத்திரக்கடை வைத்திருந்த என் அத்தா, அதன்பிறகு எந்தப் பெருநாளிலும் முதல் பிரியாணிச் சட்டி டாக்டர் வீட்டுக்குப் போகாமல் எங்களைச் சாப்பிட விட்டதில்லை. டாக்டர் ஒரு காலத்தில் வாராவாரம் ஜீப்பில் கல்வராயன் மலைக்குப் போய் வைத்தியம் பார்த்தவர். மலைச்சனங்கள் இன்றும் பஸ் பிடித்து இறங்கி அவரிடம்தான் வருகிறார்கள்.

அதனால் என் மகளுக்குக் காதுவலியும் காய்ச்சலும் வந்தபோது வேறு யாரையும் நான் நினைக்கவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது சல்பா மருந்து கொடுத்து அவளுக்கு உடம்பெல்லாம் தடித்துப்போயிருந்தது. அதைச் சொன்னேன். டாக்டர் அவள் கன்னத்தைத் தட்டிச் சிரித்தார். "மைனாவுக்கு எது சேரும், எது சேராதுன்னு எனக்குத் தெரியாதாம்மா?" என் பெயரை என் மகளுக்கும் கொடுக்கிறார் என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் எழுதிய சிரப் அதே மருந்துதான், வேறொரு கம்பெனியின் பெயரில். எனக்கு அது தெரியவில்லை. சில நாட்களில் மகளின் தோல் கொப்புளித்து, சுட்ட கத்திரிக்காய்த் தோல்போல உரிந்தது. வாய்க்குள்ளும் புண். தண்ணீர் கேட்டு அழுவாள்; கொடுத்தால் விழுங்க முடியாமல் அழுவாள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்தாள். கறுத்த திட்டுகளும் வெளிச்சத்துக்குக் கூசும் கண்களும் மிச்சம்.

"பாசம் வேற, மருந்து வேற" என்றார் என் வீட்டுக்காரர். "தெரிஞ்சவருன்னு வுட்டுட்டா, நாளைக்கு இவ பெரியவளாயி உன்னத்தான் கேப்பா, இன்னா பண்ணேன்னு."

அம்மா போனில் ஒரே வார்த்தையில் முடித்தாள். "அவரு இல்லன்னா கேஸு போட நீயே இருந்திருக்க மாட்டடீ."

வீட்டுக்காரர் பார்த்த வக்கீலம்மா டாக்டர்மேல் எழுதிக் கொடுத்த புகார் மனு கையெழுத்தில்லாமல் பீரோவில் கிடந்தது. மகளின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும்போது போட்டே ஆகவேண்டும் என்றிருக்கும். தொழுதுவிட்டுக் கையேந்தும்போது அவர் முகம் வரும். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்வது சரியில்லை என்று கடைசியில் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வரிசையில் என் பக்கத்தில் வெள்ளிமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, மடியில் காய்ச்சல் குழந்தையோடு இருந்தாள். "இவருகிட்ட காமிச்சாதான் புள்ளைக்கு நேராவும். சின்னதுல என்னையே காப்பாத்துனவரு" என்றாள்.

உள்ளே போனதும் டாக்டரின் முகம் மலர்ந்தது. "வாங்கம்மா. மைனாவ நீங்களே தூக்கிக்கினு வந்துட்டீங்களா? பாய் இன்னும் கடைய சாத்தலியா?"

பாய் என்றது என் அத்தாவை. அத்தா மௌத்தாகிச் சில வருடங்கள் ஆகின்றன; அடக்கம் செய்த மையவாடிவரை வந்து நின்றவர் இவர். என்னை என் அம்மா என்று நினைத்துப் பேசுகிறார். எதிரே நிற்கும் என் மகள் அவருக்கு நான். அன்று அவர் சொன்னதும் பொய்யில்லை. மைனாவுக்கு அந்த மருந்து சேரும். எனக்குச் சேர்ந்துதானே இருந்தது.

மகளின் கையை எடுத்துத் திட்டுகளைத் தடவினார். "இன்னாம்மா இது, தீக்காயமா? பச்சப்புள்ளய இப்படியா பாத்துக்கறது?" என்று என்னைக் கடிந்துகொண்டார். அவருக்கு உண்மையாகவே வலித்தது. மனுவைப் பற்றிச் சொல்ல வந்த நான், மகளை அவர் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்தேன். ஊசி போடாமலேயே பேனாவைத் திறந்து, திட்டுகளுக்கு நடுவே இடம் பார்த்து, மெதுவாக ஒரு கடிகாரம் வரைந்தார்.

வெளியே வந்தபோது மலைப் பெண் எழுந்துகொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்தேன். "மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி பெரியாஸ்பத்திரில அந்தச் சீட்ட ஒருக்கா காட்டிடுங்க."

"இவரு சீட்டயா?" அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இருந்த நம்பிக்கை எனக்குத் தெரிந்ததுதான். நானும் அதோடுதான் உட்கார்ந்திருந்தேன். அவள் உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்ததும் கையெழுத்துப் போட்டேன். நஷ்டஈடு பிறகு பார்க்கலாம், முதலில் அவர் சீட்டு எழுதுவது நிற்க வேண்டும் என்று வக்கீலம்மாவிடம் சொன்னேன். மனுவில் என் முழுப்பெயர் இருக்கிறது. செய்தது சரிதானா என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெயர் மைனாதான் என்று அவருக்குத் தெரியாமலே போகட்டும் என்று துஆ செய்கிறேன்.

அன்று சாயங்காலம் மகளைக் குளிப்பாட்டினேன். அவள் ஒரு கையை மட்டும் தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். "அம்மா, நாலு மணி ஆயிடுச்சா?" என்றாள். ஆயிடுச்சு என்று சொல்லி, சோப்பு நுரை அந்தப் பக்கம் வழியாமல் என் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டேன்.