பாராட்டு விழாவும் என் தெருப் பாவும்

அந்த அம்மாள் மைக் முன்னால் நின்றால் முதல் வார்த்தையே என்னைப் பற்றித்தான் இருக்கும் என்று நான் நம்பினேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினோரு நாள் நம்பினேன். அந்தப் பதினோரு நாளும் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். சோறு நன்றாகவே இறங்கியது, தூக்கம்தான் வரவில்லை. ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கிண்டல் செய்து பிழைத்தவன் நான். அப்படிப்பட்டவனுக்குத் தன் முறை வருகிறது என்றதும் தூக்கம் இப்படிப் போகும் என்று நாற்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது.

அந்த அம்மாள் மருத்துவச்சி. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவாளர் தெருவுக்கும் சுற்றியுள்ள நாலைந்து தெருக்களுக்கும் பிரசவம் பார்ப்பவர். சுலபமான பிரசவம் என்றால் வீட்டிலேயே முடித்துவிடுவார். சிக்கல் என்று அவர் கைக்குத் தெரிந்துவிட்டால் ஜட்காவை வரச் சொல்லி, தானும் கூடவே ஏறி, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அவர் கையில் பிறந்தவர்கள்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் தெருப் படிப்பகத்துக்கு ஆண்டு விழா வந்தது. வழக்கமாக அந்த விழாவில் ஆண்கள் ஆண்களுக்குத் துண்டு போர்த்திவிட்டு, ஆண்களே கை தட்டிவிட்டுக் கலைவோம். அந்த வருஷம் படிப்பகத் தலைவருக்கு ஒரு யோசனை. ஊருக்கு உழைத்த பெண்கள் மூன்று பேரை மேடையேற்றிப் பட்டுச் சேலை கொடுக்க வேண்டும். ஒருவர் ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி டீச்சர். இன்னொருவர் குழாயடியில் இருபது வருஷமாகக் குடங்களை வரிசைப்படுத்தி, மண்டை உடையாமல் காத்தவர். மூன்றாவது ஆளைத் தலைவர் சொன்னபோது எனக்கு டீ மூக்கில் ஏறியது.

"நம்ம மருத்துவச்சி அம்மா. யாருக்காவது ஆட்சேபம் இருக்குதா?"

"அவங்க நம்ம தெருவே இல்லியேபா," என்றேன்.

"உன் பசங்க நம்ம தெருதானே? அவங்களை வெளிய இழுத்துப் போட்டது யாரு?"

"கூச்ச சுபாவம்பா. மேடையில ஏத்தினா மயக்கம் போட்டு வுழுந்துடுவாங்க."

"அவங்களா? போன மாசம் ஆஸ்பத்திரியில டாக்டரையே நிக்க வெச்சிக் கேள்வி கேட்டாங்கய்யா! ஒனக்கு இன்னாதான்யா பிரச்சினை?"

என் பிரச்சினையை அங்கே சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

அதற்குப் பத்து வருஷம் முன்பு ஒரு விடியற்காலை. பாவு என்பது சேலையின் நீளவாட்டில் ஓடும் இழைகள் அத்தனையும். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவில் நீட்டி இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். தெரு நடுவில் பாவைத் தாங்கும் மரக் கால்களை நட்டு, கயிற்றை இரண்டு ஓரமும் இழுத்துக் கட்டினால் ஒரு வண்டி நுழைய இடம் இருக்காது. மாடு வந்தாலும் சரி, மந்திரி வந்தாலும் சரி, சுற்றித்தான் போக வேண்டும். எங்கள் தெருவில் அது எழுதாத சட்டம்.

அன்றைக்குப் பாவு என்னுடையது. கஞ்சி தெளித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, தெருமுனையில் ஒரு ஜட்கா வந்து நின்றது. உள்ளேயிருந்து ஒரு பெண் முனகும் சத்தம். மருத்துவச்சி அம்மாள் குதித்து இறங்கி ஓடி வந்தார்.

"நைனா, ஒரு பக்கத்துக் கயித்த அவுத்து வுடுபா. வண்டி போயிடட்டும்."

"கஞ்சி ஈரமா இருக்குதும்மா. இப்ப அவுத்தா இழை ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும்."

"ரத்தம் போய்க்கினே இருக்குதுபா."

எனக்குப் பதில் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அதுதான் என் வியாதி. "பத்து மாசம் உள்ள இருந்தவருக்குப் பத்து நிமிஷம் இருக்க முடியலியாமா? வெளிய வந்து இன்னா, தறியில ஒக்காரப் போறாரா?"

பாவுக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் கையிலிருந்த கஞ்சிச் சட்டியே தளும்பியது. அந்த அம்மாள் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு திரும்பி நடந்து, "திருப்புபா, தேரடியால போவலாம்," என்று வண்டிக்காரரிடம் சொன்னார்.

பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கவில்லை. தேரடியில், வண்டிக்குள்ளேயே நடந்தது. குழந்தை பிழைத்தது. அந்தப் பெண் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். இதெல்லாம் என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்; நானாகப் போய் யாரையும் கேட்கவில்லை. நான் செய்தது வேறு. அந்த வேடிக்கையை டீக்கடையில் சொன்னேன். கல்யாணப் பந்தியில் சொன்னேன். கேட்டவர்களுக்கே இன்னொரு தரம் சொன்னேன். என் கைவசம் இருந்த சரக்கிலேயே அதுதான் நன்றாக ஓடியது. அடுத்த வருஷம் என் இரண்டாவது பிள்ளைக்கு வலி கண்டபோது அதே அம்மாளுக்குத்தான் ஆள் அனுப்பினேன். அவர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

தலைவர் அவரைச் சொன்ன நிமிஷத்தில்தான், பத்து வருஷத்தில் முதல் தடவையாக, என் வேடிக்கையை ஜட்காவுக்கு உள்ளே இருந்து கேட்டேன். துளிக்கூடச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"விழாவுல நீங்கதான் மைக்குல பேசறீங்களாமே?"

"ஆமா."

"அப்ப அந்த ஜட்கா ஜோக்கையும் சொல்லிடுங்க. எல்லாரும் சிரிப்பாங்க." தலையைத் தூக்காமலே சொன்னாள். ராட்டை நிற்கவில்லை.

மறுநாள் மருத்துவச்சி அம்மாள் வீட்டுக்கே போனேன். மேடையில் அறிமுகம் செய்வதற்கு விவரம் வேண்டும் என்பது சாக்கு. மன்னிப்புக் கேட்டுவிடுவது திட்டம். அவர் கத்தரிக்கோலை வெந்நீரில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலைப் பார்த்ததும் திட்டத்தைத் தள்ளிப்போட்டேன்.

"வா நைனா. கொழந்தைங்க நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குதும்மா. உங்களப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும், அதான்..."

"நீ பேசறது இருக்கட்டும். என்னிய பேச வுடுவீங்களா?"

"உங்களுக்கு எதுக்கும்மா அந்தச் சிரமம்?"

"ஒரு விஷயம் இருக்குதுபா. ரொம்ப நாளா மனசுல வெச்சிக்கினு இருக்கேன். நாலு பேர் கூடற எடத்துல சொல்லணும்."

திரும்பி வரும்போது என் கால் எந்தத் தெருவில் நடந்தது என்று தெரியாது. முதலில் காய்ச்சல் வரவழைத்துக்கொள்ள யோசித்தேன். பிறகு விழா அன்றைக்குத் தாமலில் இருக்கிற மச்சான் வீட்டுக்கு ஓடிவிட யோசித்தேன். கடைசியில் மைக் செட் போடுகிறவரைப் பிடித்தேன். "யாராவது ரொம்ப நேரம் பேசினா நான் மூக்கைச் சொறிவேன். உடனே நீ மைக்க நிறுத்திடு," என்றேன். அவர் தலையாட்டினார். என்னைக் கெட்டிக்காரன் என்று அன்றைக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

விழாவில் டீச்சர் பேசும்போது என் மூக்கில் கொசு கடித்தது. சொறிய முடியாமல் கண்ணீர் வடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீச்சரின் பேச்சு என்னை உருக்கிவிட்டது என்று முன்வரிசையில் பேசிக்கொண்டார்களாம். குழாயடி அம்மாள் சேலையை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டு இறங்கினார். அப்புறம் மருத்துவச்சி அம்மாள் மைக் முன்னால் வந்து நின்றார்.

"பட்டுச் சேலை குடுத்தீங்க. நல்லா இருக்குது, கட்டிக்கிறேன். ஆனா விடியகாலையில இந்தத் தெருவுல..."

நான் மூக்கைச் சொறிந்தேன். மைக் செத்தது.

தெருக்கோடியில் நிற்கும் ஜட்காவை இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டுப் பழகிய குரல் அது. மைக் செத்ததை அவர் கவனிக்கக்கூட இல்லை. கேட்காமல் போய்விடுமோ என்று கூட்டம்தான் பேச்சை நிறுத்திவிட்டு முன்னால் நகர்ந்தது.

"பாவு போடறீங்க. போட வேணாம்னு சொல்லல, அதுதான் நம்ம எல்லாருக்கும் சோறு. கொஞ்சம் ஓரமாத் தள்ளிப் போடுங்க. ஒரு வண்டி போறாப்பல வழி வுடுங்க. தேரடி சுத்திக்கினு போறதுக்குள்ள வண்டியில இருக்கறவ இன்னா பாடு படறான்னு எனக்குத்தான் தெரியும். அவ்ளோதான்."

அவ்வளவுதான். நான் அதில் இல்லை. என் வேடிக்கையும் இல்லை. என் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. வருஷக்கணக்காக எத்தனை விடியற்காலைகளில், எத்தனை பேருடைய பாவு அவரைத் திருப்பி அனுப்பியிருக்கும்! நான் என்னவோ நான் ஒருவன்தான் பெரிய பாவி என்று பதினோரு நாள் புரண்டிருக்கிறேன்.

எனக்குப் போன உயிர் வந்தது. முதல் கைதட்டல் என்னுடையது. எல்லாரையும்விடச் சத்தமாகவும் தட்டினேன். மைக்கைப் போடச் சொல்லி ஜாடை காட்டிவிட்டு எழுந்தேன். பத்து வருஷக் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. கூட்டம் என் முகத்தைப் பார்த்தது. சிரிக்கத் தயாராக இருந்தது. "அம்மா உத்தரவு போட்டாச்சு! இனிமே நம்ம தெருவுல பாப்பாவுக்கு அப்பறம்தான் பாவு!" என்றேன். கூட்டம் ஆரவாரம் செய்தது. அந்த அம்மாளும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள் விடியற்காலை என் பாவு. ஓரமாகத் தள்ளிப் போடுவதென்றால் கால் நடப் புதுக் குழி தோண்ட வேண்டும். அடுத்த பாவுக்குத் தோண்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பழைய குழியிலேயே நட்டு, கயிற்றை இரண்டு ஓரமும் இழுத்துக் கட்டினோம்.

கஞ்சி தெளித்து முடித்த நேரம், தெருமுனையில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. உள்ளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். பக்கத்தில் அந்த அம்மாள். இந்தத் தடவை அவர் இறங்கவில்லை. தெருவை அடைத்து நின்ற பாவைப் பார்த்தார். அதன் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர், "திருப்புபா, தேரடியால போவலாம்," என்று ரிக்‌ஷாக்காரரிடம் சொல்லிவிட்டார்.

ரிக்‌ஷா திரும்பிப் போனது. நான் கயிற்றை அவிழ்க்கவில்லை.