நோரீன் கையால் கூப்பிட்ட ஹவுஸி

போரிருவா நகரில் எங்கள் தெருமுனைச் சமூகக் கூடத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹவுஸி நடக்கும்; கூப்பிடுகிற நம்பரைச் சீட்டில் அடித்து, முதலில் முடிப்பவருக்குப் பரிசு. நம்பர் கூப்பிடுவது நோரீன் டிப்பிங். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். மைக் வைத்துக்கொண்டதே இல்லை. அவள் "இருபத்திரண்டு!" என்றால் எதிர்வீட்டு நாய் குரைக்கும். கூடத்துச் சுவரில் "எல்லாரும் வாங்க" என்று கொட்டை எழுத்தில் பெயிண்ட் அடித்ததும் அவள்தான். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை துவாலு தீவுக் குடும்பம் ஒன்று புதிதாக வந்தது. பெனிதாலா, மனைவி லாகி, மடியில் கைக்குழந்தை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் காது கேட்காது. டீ ஊற்றிக்கொண்டிருந்த நான்தான் நோரீனிடம் போய்ச் சொன்னேன்.

"அவ்வளவுதானே? சத்தத்தைக் கூட்டிட்டாப் போச்சு."

பெனிதாலாவின் காதருகே குனிந்து ஒவ்வொரு நம்பரையும் முழங்கினாள். குழந்தை வீறிட்டது. லாகி போனில் எதையோ தட்டி நீட்டினாள். கண்ணாடி இல்லாததால் நோரீன் அதை என்னிடம் தள்ளினாள். நானும் யோசிக்காமல் உரக்க வாசித்துவிட்டேன்: "நீங்க மத்தியானம் வெங்காயம் சாப்பிட்டது தெரியுது. நம்பர்தான் தெரியல."

கூடமே சிரித்தது. நோரீன் முகம் சுருங்கிப்போனது. நாற்காலி அடுக்கும்போது, "எல்லாரும் வாங்கன்னு எழுதிட்டு, வந்தவங்களைச் சும்மா உக்கார வச்சுட்டேனேடி," என்று முணுமுணுத்தாள்.

மறுநாளே கேக்கோடு லாகி வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். அப்புறம்தான் புத்தி வந்து ஜன்னல் பக்கம் போய்க் கையை ஆட்டினாளாம். அந்த வாரம் முழுக்க அங்கேயே கிடந்து, கையால் எண் சொல்லப் பழகினாள்.

அடுத்த வெள்ளி வாயும் கையும் சேர்ந்து வேலை செய்தன. கூடத்தின் பொருளாளர் க்ளைவுக்குத்தான் பொறுக்கவில்லை. நோரீனோடு எதற்கும் மல்லுக்கு நிற்கிற மனுஷன்.

"இது ஹவுஸியா, கொசு விரட்டுறதா? சீக்கிரம் கூப்பிடு!"

அவசரத்தில் நோரீனின் விரல் பிசகியது. லாகி வாயைப் பொத்திக்கொண்டாள். பெனிதாலா மேசையில் கவிழ்ந்து குலுங்கினான். நோரீன் விடவில்லை. அர்த்தத்தை லாகியின் போனில், இந்த முறை கண்ணாடி போட்டுப் படித்தாள். காதுவரை சிவந்தாள். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை.

"அப்படியா? இன்னொரு தடவை காட்டும்மா, ஒழுங்காப் பழகிக்கிறேன்," என்றவள், க்ளைவைப் பார்த்துத் திருத்தமாகச் செய்தாள்.

"அது என்ன நம்பர்?" என்று க்ளைவ் சீட்டில் தேடினார்.

சில வாரங்களில் க்ளைவ் சத்தமில்லாமல் முன்வரிசைக்கு நகர்ந்தார். ஒருநாள் பரிசு ஆட்டுத்தொடை அவருக்கே விழுந்தது. அவர் ஜெயித்து யாரும் பார்த்ததில்லை. டீ வாங்க வந்தவர் என்னிடம், "இத்தனை நாளா பாதி நம்பர் எனக்குக் கேக்கல. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. இப்ப அவ கையைப் பாத்தே அடிச்சிடறேன்," என்றார்.

அதை நோரீனிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியுமா?

"என் குரலே கேக்கலையாமா!" என்று கொதித்தாள். ஆனால் அன்றிலிருந்து கையை இன்னும் உயரத் தூக்கித்தான் காட்டுகிறாள்.

இப்போது க்ளைவும் பெனிதாலாவும் பக்கத்து நாற்காலிக்காரர்கள். ஆட்டத்தின் நடுவிலேயே கையால் ரக்பி பேசுகிறார்கள்.

"கையை மடியில வைங்கடா!" என்று நோரீன் கத்துகிறாள். இரண்டு பேரும் திரும்பினால்தானே? கடைசியில் சுவர் சுவிட்சுக்குப் போய், அவர்கள் நிமிர்ந்து பார்க்கும்வரை விளக்கை அணைத்து அணைத்துப் போடுகிறாள்.