துவரை வேர் போன வழி

நெல் அறுப்பதற்கு முன்பே சேற்று ஈரத்தில் தெளித்த உளுந்து முழுதும் கருகிவிட்டது. மழை இல்லை, ஏரியில் தண்ணீர் இல்லை, கிணற்று மோட்டாரும் புகைந்துபோய், புதுசாகக் கம்பிச் சுருள் கட்டுவதற்காக வாலாஜாபாத் பட்டறையில் கிடந்தது. ஆனால் வரப்பிலிருந்த துவரை வாடவில்லை. அது எப்படி என்று பார்க்கத்தான் என் மகள் குழி தோண்டினாள். விவசாயக் கல்லூரியில் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள்.

முதலில் ஓர் உளுந்துச் செடியைப் பிடுங்கிக் காட்டினாள். சாண் வேர்கூட இல்லை. அதிலிருந்த முடிச்சுகளை நகத்தால் கிள்ளினாள். உள்ளே பழுப்பு.

“உயிர் இருந்தா உள்ள ரத்தக் கலர்ல இருக்கும்மா. தண்ணி இல்லன்னா செடி மொதல்ல இத்தத்தான் கைவுடும்.”

துவரையில் மேலே இருந்த பக்கவேர்கள்தான் காய்ந்திருந்தன. ஆணிவேர் நேராகக் கீழே இறங்கியிருந்தது. பென்சில் கனம், பிறகு நூல் கனம். அவளும் அதன் பின்னாலேயே இறங்கினாள். குழி அவள் மார்பளவு ஆனது.

“போதும், மேல வாடி.”

“இரும்மா, இன்னும் போய்க்கினு கீது. கீய மண்ணு சில்லுனு கீது பாரு.”

பக்கத்துக் கழனியிலிருந்து என் கணவரின் பங்காளி குரல் கொடுத்தார். “இன்னா அண்ணி, கெணறு வெட்றாளா? தண்ணி வந்தா எனக்கும் ஒரு மடை வுடச் சொல்லு.”

சிரித்தேன்.

அன்று காலைதான் என் கணவர் பழுது பார்த்த மோட்டாரைக் கொண்டுவந்து பூட்டியிருந்தார். அப்போது கரண்ட் இல்லை. இங்கே எல்லோரும் செய்வதைப் போல ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு உத்திரமேரூர் கடைத்தெருவுக்குப் போய்விட்டார். மும்முனைக் கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும். குழியை ஒட்டித்தான் வாய்க்கால். பருவம் முழுக்கக் காய்ந்துகிடந்ததால் அதில் தண்ணீர் வரும் என்ற நினைப்பே எங்களுக்கு இல்லை.

கிணறு கழனியின் மறுகோடியில்; கரண்ட் வந்து மோட்டார் ஓடியது தெரியவில்லை, தண்ணீர் வந்த சத்தமும் கேட்கவில்லை. வாய்க்கால் வெடிப்புகளுக்குள் இறங்கியிருக்கிறது. அவள் வேரைப் பார்க்கக் குனிந்தாள். வாய்க்கால் பக்கத்து மண் ஒரே பாளமாக அவள் மேல் சரிந்தது. தலை தெரியவில்லை.

என் அலறலைக் கேட்ட பங்காளி மோட்டாரை நிறுத்த ஓடினார். நான் மம்முட்டியை எடுத்தேன். ஓங்கிய பிறகுதான், அவள் தலை எங்கே இருக்கிறதென்று தெரியாது என்பது உறைத்தது. வீசி எறிந்துவிட்டுக் கையால் மண்ணைப் பறித்தேன். முடி தட்டுப்பட்டது. பிறகு நெற்றி. மூக்கு. இருமினாள்.

பங்காளி திரும்பி வந்து, இருவருமாக இழுத்துப் போட்டபோது அவள் கால்விரல்கள் வெளுத்திருந்தன. கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டேன். சிவப்பு திரும்பியது. மறுபடியும் அழுத்தினேன். மறுபடியும்.

“வலிக்குதும்மா,” என்றாள். அப்புறம், “வேர் அறுந்துடுச்சா?”

குழியை அன்றே மூடினோம். துவரை நிற்கிறது. அவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். கரண்ட் வந்து மோட்டார் உறுமும்போதெல்லாம் போன் போட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறேன்.

“கிளாஸ்ல கீறேம்மா,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறாள்.