கரவானுக்கு வாட்டம் வைத்த கதை

மனைவி டென்மார்க்குக்கு வந்து ஏழு கிழமை ஆகியிருந்தது. அவளைக் கூப்பிட நான் போட்ட மனு, மற்றத் தமிழர்களின் மனுக்களோடு கொப்பன்ஹேகனில் ஏதோ ஒரு மேசை லாச்சிக்குள் கிடந்த காலம் முழுவதும் எனக்காக அதிகாரிகளுக்கு விடாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர் எங்கள் மேற்பார்வையாளர். எஸ்பியர்க் மீன் தொழிற்சாலையில் எனக்கு மேலே இருந்த டெனிஷ்காரர். ‘இவர் எடுத்த காரியத்தைப் பொறுப்பாகச் செய்பவர்’ என்று அந்தக் கடிதங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும். அந்த வரி எனக்கு மனப்பாடம். அவர் முன்னால் மட்டும் பொறுப்பில்லாதவனாகத் தெரிந்துவிடக் கூடாது என்று உள்ளூரப் பயந்துகொண்டே இருந்தேன்.

கோடை விடுமுறைக்கு அவர், காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கும் வீடுபோன்ற தன் கரவான் வண்டியை எங்களுக்கு இரவல் தந்தார். கடலுக்குக் கிட்ட, மாடு வளர்க்கும் ஒரு கமக்காரரின் புல்வெளியில் கொண்டுவந்து நிறுத்தினார். அங்கே மின்சாரம் இல்லை. அடுப்பும் பிரிட்ஜும் காஸ் சிலிண்டரில்தான் ஓட வேண்டும். பிரிட்ஜின் குமிழை அமத்திப் பிடித்து, பற்றவைத்து, அடியில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாக நீலச் சுவாலை தெரிகிறதா என்று பார்க்கப் பழக்கிவிட்டுப் போனார். சனிக்கிழமை மத்தியானம் எங்களோடு சாப்பிட வருவதாக ஏற்பாடு.

“நெருப்பு எரிஞ்சால் எப்பிடியப்பா குளிரும்?” என்று மனைவி கேட்டாள்.

எனக்கும் தெரியாது. ஆனால் தெரிந்தவன்போல கால் மணித்தியாலம் விளக்கம் கொடுத்தேன்.

வியாழக்கிழமை, பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் போகாமல் தேங்கி நிற்பதைக் கண்டேன். நான் ஊரில் மேசன் வேலை செய்தவன். நிலம் போட்டால் தண்ணீர் ஓட ஒரு பக்கம் வாட்டம் வைக்காமல் விடமாட்டேன். இந்தச் சனங்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துச் சில்லின் கீழ் இரண்டு பலகைத் துண்டுகளைக் கொடுத்து வண்டியைச் சரித்தேன். தண்ணீர் சளசளவென்று ஓடியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“கட்டில்லை படுத்தால் உருண்டு விழுவமே,” என்றாள். “எதைக் கண்டாலும் உமக்கு நொட்டை சொல்லுறதுதான் வேலை,” என்றேன்.

சனிக்கிழமை காலை பிரிட்ஜைத் திறந்தபோது நாற்றம் அடித்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த்தூளில் அவள் பிரட்டி வைத்திருந்த ஆட்டிறைச்சி பழுதாகியிருந்தது. பால் திரைந்துவிட்டது. குனிந்து பார்த்தேன். சுவாலை அப்படியே நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

“ஒரு நாளைக்கு எத்தினை தரம் திறந்து திறந்து பாக்கிறனீர்?” என்று கத்தினேன்.

“சமைக்கேக்கை மட்டும்தானப்பா திறந்தனான்.”

“பொய் சொல்லாதையும்!”

வருடக்கணக்காகக் காத்திருந்து வந்தவளிடம் நான் போட்ட முதல் சத்தம் அதுதான். அவள் இறைச்சியைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, இருந்த உருளைக்கிழங்கைப் பொரிக்கத் தொடங்கினாள்.

மேற்பார்வையாளர் வந்தார். வண்டிக்குள் கால் வைத்ததுமே நின்றார். வெளியே போய்ச் சில்லைப் பார்த்தார். இந்தப் பிரிட்ஜ் சமமாக நின்றால்தான் வேலை செய்யும், கொஞ்சம் சரிந்தாலும் எரிகிற காஸ் எல்லாம் வீண், சரிந்தபடியே விட்டால் பிரிட்ஜே போய்விடும் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு கேட்டார், யார் இந்தப் பலகையை வைத்தது என்று.

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நான்தான் என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார். எனக்கு அந்தக் கடித வரிதான் ஞாபகம் வந்தது. டெனிஷில் சொன்னேன்: “மின் கோன.” என் மனைவி என்று.

அவர் தலையாட்டினார். அவளிடம் போய், உள்ளங்கையை மட்டமாகப் பிடித்துக் காட்டினார். பிறகு கையைச் சரித்து, கூடாது என்று தலையை அசைத்தார். அவள் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கேட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில் சிரித்து, நான் அறிய அவளுக்குத் தெரிந்த ஒரே டெனிஷ் சொல்லான ‘தாக்’ என்று நன்றியும் சொன்னாள். அதையாவது தெரிந்துவைத்திருக்கிறாளே என்று அப்போது நினைத்தேன். வெட்கங்கெட்ட நினைப்பு.

அவர் பலகையை எடுத்து வண்டியை மட்டமாக்கி, உருளைக்கிழங்கை ரசித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார். கார் மறைந்ததும் அவள் சொன்னாள்:

“கோன எண்டால் மனுசி எண்டு எனக்குத் தெரியும். எயார்போட்டிலை அப்பிடிச் சொல்லித்தான் கேட்டவை.”

நான் குனிந்து அந்தப் பலகைத் துண்டுகளைப் பொறுக்கினேன்.

“பரவாயில்லை. அவருக்கு முன்னாலை நீங்கள் குறைஞ்சு போகக் கூடாது. என்னை அவருக்கு ஆரெண்டே தெரியாது.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த திங்கள் வேலைக்குப் போய் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். திங்களன்று அவர், என் மனைவி கரவானைச் சரித்த கதையை முந்திக்கொண்டு எல்லோருக்கும் சொல்லிவிட்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, டிசம்பரில் தொழிற்சாலையின் நத்தார் விருந்துக்கு அவளையும் அழைத்துப் போனேன். அதற்குள் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்து என்னைவிடத் திருத்தமாக டெனிஷ் கதைக்கப் பழகியிருந்தாள். மேசையில் இருந்த ஒருவன், கரவானைச் சரித்த பெண் நீங்கள்தானா என்று கேட்டான். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தட்டைப் பார்த்தேன்.

“ஆமாம், நான்தான்,” என்றாள். “இவர் பாவம், வேண்டாம் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார்.”

மேசை முழுவதும் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.