முன்கூட்டியே எழுதிய ஆராதனை

மனைவி இறந்தபின் திண்டுக்கல் வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். நாட்குறிப்பு எழுதுவது முப்பது ஆண்டுப் பழக்கம். ஆராதனையில் வாசிக்கும் வேதபாடங்கள் திருச்சபை நாட்காட்டியிலேயே இருப்பதால், ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பைச் சனிக்கிழமை மாலையே எழுதிவிடுவேன். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'கோயிலில் முழு இருதயத்தோடு ஆராதித்தேன்.'

கடந்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு காலை, கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பை அசைக்க முடியவில்லை. கத்திப் பார்த்தேன், யாருக்கும் கேட்கவில்லை. கோயிலில் முதல் மணி அடித்தது, பிறகு இரண்டாம் மணியும். என் நோட்டின்படி நான் அப்போது ஆராதனையில் இருந்தேன். மனப்பாடமான ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, என்கூட இரும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். மனைவி போன நாளிலிருந்து ஆண்டவரிடம் நேராக நான் பேசியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பால் பாக்கெட் வாசலிலேயே கிடப்பதைப் பார்த்த எதிர்வீட்டு ஜப்பார் பாய், பின்கதவு வழியாக வந்தார். ஆட்டோவைக் கூப்பிட மேசைமேலிருந்த என் கைப்பேசியை எடுத்தவர், அருகில் திறந்திருந்த நோட்டையும் படித்துவிட்டார்.

"என்ன சார், கோயில்ல ஆராதிச்சேன்னு எழுதிருக்கு. நீங்க இங்கன கெடக்கீங்க?"

"அது நேத்தே எழுதுனது, பாய்."

"நல்லா எழுதுனீங்க போங்க. செத்த நேரம் அசையாம இருங்க, ஆட்டோ வருது."

எலும்பு முறியவில்லை. இப்போது ஆராதனை முடிந்து வந்தபிறகே குறிப்பு எழுதுகிறேன். மனம் அலைந்த நாளில், அலைந்தது என்றே எழுதுகிறேன். பெரும்பாலும் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அந்த ஞாயிற்றின் வரியில் 'கோயிலில்' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, 'குளியலறையில்' என்று திருத்தியிருக்கிறேன்.