பில் இல்லாத பவர் சப்ளை

போர் நடந்துகொண்டிருந்த காலம். புசல்லாவையிலிருந்து வந்து கண்டியில் வேலை செய்த எனக்கு, கேம் விளையாடுவதற்கென்றே பாகங்களாக வாங்கி ஒரு கம்ப்யூட்டர் பூட்ட ஆசை. அவற்றைத் தேர்ந்து தந்தவன் என் அறைத்தோழன் சுதன், யாழ்ப்பாணத்தான்.

“கிராபிக்ஸ் கார்ட் சின்னனா இருந்தாலும் பரவாயில்லை மச்சான். பவர் சப்ளையைப் புதுசா வாங்கு,” என்றான். நான் கேட்கவில்லை. பெரிய கார்டை வாங்கிவிட்டு, பெட்டியும் பில்லும் இல்லாத பழைய பவர் சப்ளை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கடையிலிருந்து இருவரும் திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எங்கள் காலடியிலிருந்த பையைத் திறந்த சிப்பாய், வயர்கள் தொங்கும் அந்த இரும்புப் பெட்டியைத் தூக்கி, யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான். சுதன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“என்னுடையது,” என்று சுதன் சிங்களத்தில் சொன்னான். அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரியைக் கண்டதும் அவனை இறக்கிக் கொண்டுபோனார்கள். பஸ் புறப்பட்டது. நான் இறங்கவில்லை.

மறுநாள் மாலை வீங்கிய கன்னத்தோடு, அந்தப் பவர் சப்ளையையும் கையில் பிடித்தபடி வந்தான். கடைக்காரரை விசாரித்த பிறகுதான் விட்டார்களாம்.

“ஏன்டா ஒன்னோடதுன்னு சொன்ன?” என்றேன்.

“நீ ஒண்டும் சொல்லேல்லையே. ஆரோ ஒராள் சொல்லத்தானே வேணும்.”

அவன் கோபப்படவே இல்லை. கம்ப்யூட்டரையும் அவனே பூட்டித் தந்தான். திரை ஒளிர்ந்ததும், “இரு மச்சான், விளையாடு,” என்று கதிரையை இழுத்துப் போட்டான்.

இன்றுவரை நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டால் உடனே மன்னித்துவிடுவான். அதை எப்படித் தாங்குவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.