மடையில் போட்ட மூட்டைகள்

என் கொழுந்தனின் முழங்கையை உடைத்தது நான்தான். மண்வெட்டிக் காம்பால் அடித்தேன். ஒரு அடி இல்லை, மூன்று.

எங்கள் நிலம் பள்ளத்தில் இருக்கிறது. அவனுடையது ஒரு வரப்பு மேலே. அவன் வயல் தண்ணீர் என் வயலில் இறங்கி, என் மடை வழியாகத்தான் ஓடைக்குப் போகவேண்டும். வேறு வழி கிடையாது.

இந்த அடிதடிக்கு முந்தைய வருஷ மழையில் என் நெல் முழுகியது. புத்திகெட்டுப்போய் உடனே மடையைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டேன். எட்டு நாள் கழித்து வெள்ள நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க அதிகாரி வந்தார். "தண்ணியே இல்லியேம்மா, இன்னான்னு எழுதறது?" என்றார். அழுகின வேரைப் பிடுங்கி அவர் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். நிவாரணம் வரவில்லை.

அதனால் போன வருஷம் பயிர் அழுகினதும் ஏழு மூட்டை மண்ணைப் போட்டு மடையை அடைத்தேன். அதிகாரி கண்ணால் பார்க்கிறவரைக்கும் ஒரு சொட்டு வெளியே விடக்கூடாது என்று வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனிக்கு ஷிப்ட் போயிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் கொழுந்தன் மண்வெட்டியோடு வந்தான். அவன் பயிர் அப்போது சாகவில்லை. நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே பச்சையாக நின்றது.

"அண்ணி, மூட்டைய எடு. இன்னிக்கி வடிஞ்சா எம்பயிரு பொழச்சிக்கும்."

"ஆபீசரு வந்து பாத்துட்டுப் போவட்டும்."

"அந்தாளு எப்ப வர்றது? உம்பயிரு பொணம். அதுக்கு வாய்க்கரிசி வாங்க எம்பயிர சாவடிக்கிறியா?"

"போன தபா நான் வயிறு எரிஞ்சிக்கினு நின்னனே, அப்ப எங்கடா போன?"

"ஆபீசரு எழுதலன்னா அவன் சட்டையப் புடி. என்னிய இன்னாத்துக்குப் புடிக்கிற?"

மடையில் இறங்கி ஒரு மூட்டையை இழுத்துப் போட்டான். நான் அவன் தலைமுடியைப் பிடித்தேன். தள்ளிவிட்டான். சேற்றில் குப்புற விழுந்தேன், வாயெல்லாம் மண். எழுந்தபோது அவன் மண்வெட்டிதான் கைக்குக் கிடைத்தது. மூன்றாவது அடியில் எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவன் தண்ணீரில் உட்கார்ந்து கத்தினான். நான் முதலில் அந்த மூட்டையை எடுத்து இருந்த இடத்தில் வைத்தேன். அப்புறம்தான் அவனைத் தூக்கினேன்.

அவன் பெண்டாட்டி ஓடிவந்து என்னை அறைந்தாள். திருப்பி அடிக்கவில்லை. ஆட்டோவில் அவனைத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அன்று மதியமே அதிகாரி வந்தார். தார் ரோட்டிலிருந்து இறங்கவில்லை. என் வயலைப் போனில் படம் பிடித்தார், எழுதிக்கொண்டார். கொழுந்தன் வயலைப் பார்த்தார்.

"சார், அதையும் எழுதிக்கோங்க" என்றேன்.

"பச்சையா தல நீட்டிக்கினு கீது. பொழச்சிக்கும்மா."

அவர் வண்டி திரும்புவதற்குள் ஏழு மூட்டையையும் பிடுங்கி எறிந்தேன். ஆனால் சாயந்திரம் மறுபடி மழை கொட்டியது. ஓடை நிரம்பி, தண்ணீர் என் மடை வழியாகவே எதிர்த்து உள்ளே வந்தது. அவன் பயிர் மொத்தமும் முழுகி ஒரே வாரத்தில் அழுகியது. ஆபீசுக்கு ஓடினேன். நிவாரண லிஸ்ட் மேலே போய்விட்டது, இனிமேல் சேர்க்கமுடியாது என்றார்கள்.

சில மாசம் கழித்து என் கணக்கில் பணம் விழுந்தது. அவனுக்கு எலும்பு சேர்ந்தது, முழங்கை மடங்கவில்லை. பணம் முழுவதையும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி பிடுங்கி என் மூஞ்சியில் விட்டெறிந்தாள். அவன் இடது கையால் சோறு தின்றுகொண்டிருந்தான்.

"அண்ணி, மறுபடி மழ வந்தா இன்னா பண்ணுவ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அடப்பேன்" என்றேன்.

"அப்ப முன்னாடியே சொல்லிடு. இன்னொரு கை மீதி கீது."

தரையில் கிடந்த நோட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.